மூன்றாவது சுற்று

ஐறீன் அக்கா கடையில் மீன் வைத்த மாலு பாண் வாங்குவதென்றால், ஐயா, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் நேரத்தோடு போய்விட வேண்டும். பிந்திப் போனால் முட்டை ரோல்ஸ்தான் மிஞ்சியிருக்கும். அதுவும் காலையில் போட்டதாக இருக்கும். நீங்கள் கொட்டாஞ்சேனைக்கு மாற்றலாகி வந்து அதிக காலம் இல்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் சொல்லிவைக்கிறேன்.

என் பெயர் சிறில். துறைமுகத்தில் கொள்கலன்களை விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் எழுதுவினைஞன். திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற முறையில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி. அன்றைக்கு சுதர்சினியிடமிருந்து அழைப்பு வந்ததா, இல்லையா?

'வந்தது, இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை' என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போகலாம். என் மைத்துனர் ஒருவர் சட்டத்தரணியிடம் வேலை செய்கிறார். அவர் அப்படித்தான் சொல்லச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஐறீன் அக்கா கடையின் மேல்மாடியில் ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். கூட்டத்துக்குப் பெயரெல்லாம் இல்லை. மேசையில் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். இரண்டு பேரும் அதே செயலிகளை, அதே ஒழுங்கில், ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டு போக வேண்டும். ஒன்று முழுதாகத் திறந்த பிறகே அடுத்ததைத் தொடலாம். முதலில் முடிக்கிற போன் வென்றது. மூன்று சுற்று, இரண்டை எடுத்தவனுக்கு வெற்றி. இவ்வளவுதான் ஸ்பீட் ரெஸ்ற்.

இதற்காகவா வளர்ந்த ஆண்கள் கூடுகிறீர்கள் என்று உங்கள் முகம் கேட்கிறது. கிரிக்கெட்டுக்காகச் சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களாவது மழை வந்தால் வீட்டுக்குப் போவார்கள்.

எங்களில் இரண்டு கட்சி. கம்பனிகளின் பெயரைச் சொல்லி இங்கே விளம்பரம் செய்ய விரும்பவில்லை. பெட்டியின் நிறத்தை வைத்து வெள்ளை, சிவப்பு என்று சொல்வோம். நான் வெள்ளை. முதல் போன் வாங்கிய நாளிலிருந்து வெள்ளை.

ஒருகாலத்தில் கொட்டாஞ்சேனையில் என்னைக் கேட்காமல் யாரும் போன் வாங்கியதில்லை, ஐயா. பெருமைக்காகச் சொல்லவில்லை. டோஹாவிலிருந்து வீடியோ கோலில் வந்து, கடையின் கண்ணாடி அலுமாரியைக் காட்டி, "சிறில் அண்ணே, இதுல எது?" என்று கேட்பார்கள். கல்யாணப் பெண்ணுக்கு என்ன கொடுப்பது, மகனுக்கு ஏ.எல். பாஸானதற்கு என்ன வாங்குவது, எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்புவார்கள். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் எனக்கு வீட்டுக்குப் போக ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அலுவலகத்தில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் அந்த ஒரு மணித்தியாலம் எனக்குப் போதுமாக இருந்தது.

இங்கே எங்களுடைய ஒரு விதியைச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

ஒருமுறை போட்டி நடந்துகொண்டிருக்கும்போது சிவப்புக் கட்சியில் ஒருவன் மேசைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு என் போனுக்கு மிஸ்ட் கோல் கொடுத்தான். அழைப்பு வந்தால் திரை மாறிவிடும், சுற்று தோற்றுவிடும். பெரிய சச்சரவு. அன்றைக்குப் பிறகு மாடிக்கு ஏறும் எல்லோரும் போனை ஃப்ளைட் மோடில் போட வேண்டும் என்று முடிவெடுத்தோம். போட்டியிடுபவன், பார்க்க வந்தவன், வீடியோ எடுக்கும் றொஹான், ஒருவருக்கும் விலக்கில்லை. வீட்டில் ஏதாவது அவசரம் என்றால்? அதற்காக ஒரு பழைய பட்டன் போனை மட்டும் திறந்து வைத்திருப்போம். அந்த இலக்கம் எல்லோர் வீட்டிலும் இருந்தது. அழைப்பு வந்தால் அதை வைத்திருப்பவன் உரியவரிடம் சொல்ல வேண்டும். அழைப்புக்கு உரியவன் போட்டியிலிருந்து எழுந்து போனால் அந்தப் போட்டி செல்லாது. போன கிழமை முடிவே நிற்கும்.

அந்த பட்டன் போனை யார் வைத்திருப்பது? போன கிழமை தோற்றவன். கறுப்பு நாடாவில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு வரைக்கும் போகுமிடமெல்லாம் அதோடுதான் போக வேண்டும், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டு, மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு வர வேண்டும்.

கழுத்தில் மாட்டுவது என்னுடைய யோசனை. அப்போது நான் வென்றுகொண்டிருந்தேன்.

பிறகு அனுஜன் வந்தான்.

வெள்ளவத்தைப் பையன். கல்யாணம் முடித்து, எங்கள் தெருவுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் கம்பியூட்டர் பார்ப்பவன். முப்பது வயதுகூட இருக்காது. முதல் இரண்டு ஞாயிறும் மூலையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டான். மூன்றாவது ஞாயிறு சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பை எடுத்து மேசையில் வைத்தான். என்னுடையதில் பாதி விலை போகாது. திரையின் மூலையில் வெடிப்பு வேறு.

அன்றைக்கு மூன்றாம் சுற்றுக்குத் தேவையே வரவில்லை.

போன கிழமை தோற்றவனுடைய கழுத்திலிருந்து நாடாவை நானே கழற்றி என் கழுத்தில் மாட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருநாள் விளையாட்டு என்று நினைத்தேன். அந்த நாடா மழைக்காலம் தொடங்கி, நத்தார்ப் பண்டிகை போய், பெரிய வெள்ளியும் போகும்வரை என் கழுத்தில் கிடந்தது.

"சிறில் அண்ணே, டவர் எடுக்குதா?" என்று றொஹான் கேட்பான். ஒழுங்கைச் சிறுவர்கள் என்னைக் கண்டால் விரல்களால் காதில் போன் பிடித்துக் காட்டுவார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அனுஜனில் பொறாமை என்று இப்போது சிலர் கதைக்கிறார்கள். ஒரு சின்னப் பையனில் எனக்கென்ன பொறாமை?

அவன் கெட்டவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தோற்றுக்கொண்டிருந்தபோது ஒருநாள் என் போனைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, உங்கட போன் ஸ்லோ இல்ல. சூடாகுது, அவ்வளவுதான். சூடானா தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கும். ரெண்டையும் குளிரவைச்சுப் போட்டுப் பாப்பம். அப்பதான் உங்களுக்கு நியாயம்."

அதிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் முன் இரண்டு போன்களையும் பொலித்தீன் பையில் கட்டி, கீழே ஐறீன் அக்காவின் சோடா பிறிட்ஜில் வைப்பது வழக்கமாயிற்று. தொட்டால் இரண்டும் ஒரே குளிர்மையாக இருக்க வேண்டும். அக்கா திட்டுவா. "ஜின்ஜர் பியருக்கு மேல உங்கட சாமானை வைச்சா ஆரடா அதைக் குடிக்கிறது?" என்பா.

எனக்கு நியாயம் கிடைக்கட்டும் என்று அவன் செய்த ஏற்பாடு அது. குளிரவைத்தும் நான் தோற்றேன். முன்பு தோற்றபோது சூடு என்று ஒரு சாட்டாவது இருந்தது.

பிறகு கேட்பவர்கள் குறைந்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் அனுஜனைச் சுற்றித்தான் ஆட்கள். அவன் கூச்சத்தோடு என் பக்கம் கையைக் காட்டி, "அண்ணையையும் ஒருக்காக் கேளுங்கோ" என்பான். யாரும் திரும்புவதில்லை. நான் நேரத்தோடு வீட்டுக்குப் போய்ச் சேரத் தொடங்கினேன். என் மனைவி யூஜினா முதலில் சந்தோஷப்பட்டாள்.

ஒருநாள் வேலையால் வந்தபோது மேசையில் ஒரு சிவப்புப் பெட்டி. தங்கைக்கு வாங்கினாளாம்.

"ஆரைக் கேட்டு வாங்கினனீர்?"

"அனுஜன் தம்பியைத்தான். வட்ஸ்அப்ல கேட்டனான், உடன பதில் போட்டவர்," என்றாள். "நீங்க வேலையில நிண்டனீங்கள் தானே."

பெட்டியைத் திறந்து, போனை எடுத்து, திரையில் அந்த பிளாஸ்டிக் தாளை நீர்க்குமிழி வராமல் ஒட்டிக் கொடுத்தேன். அந்த வேலையை என்னைப்போல் கொட்டாஞ்சேனையில் யாரும் செய்ய மாட்டார்கள்.

சுதர்சினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுஜனின் மனைவி. மெல்லிய பிள்ளை, சத்தமாகச் சிரிக்கும். முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா, இருந்தது. கைப்பையில் எப்போதும் அந்த நீலப் பம்ப் இருக்கும். புறக்கோட்டைப் பக்கம் தூசி என்று மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போவாள். கோயில் திருவிழாவில் எல்லோரையும் என் போனில் படம் எடுத்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சிறில் அண்ணை, இவர்ட போன்ல என்ர முகம் மா பூசின மாதிரி வரும். உங்கடதிலதான் நான் நான் மாதிரி இருக்கிறன்."

வெள்ளைக்கு அந்த ஊரில் நல்ல வார்த்தை சொன்னவர்கள் அப்போது வேறு யாரும் இல்லை. அவளோடு எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அந்த ஞாயிறு.

முதல் சுற்று அனுஜனுக்கு. வழக்கம்போல. பிறிட்ஜுக்குப் போய் வந்து இரண்டாம் சுற்றைத் தொடங்கினோம். இந்த முறை என்னவோ நடந்தது, ஐயா. வங்கிச் செயலி, வரைபடம், கமரா, எல்லாம் என் விரலுக்குக் காத்திருந்ததுபோல் திறந்தன. ஐந்தாவது செயலியில் நான் அவனைத் தாண்டிவிட்டேன். ஏழாவதில் ஒரு முழுச் செயலி முன்னுக்கு நின்றேன். மாடியில் இருந்த எல்லோரும் எழுந்து மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். "அண்ணே, விடாதேங்க" என்று றொஹான் சொன்னது வீடியோவில் இருக்கிறது. அவன் சிவப்புக் கட்சி.

அப்போது என் நெஞ்சில் பட்டன் போன் அடித்தது.

வலது கை விரல் நிற்கவில்லை. இடது கையால் அதை எடுத்துக் காதோடு இறுக்கி வைத்தேன்.

"சிறில் அண்ணை, இவர் நிக்கிறாரோ?" சுதர்சினி. சொல்லுக்குச் சொல் இடைவெளி. "முட்டு வந்திட்டுது. பம்ப் முடிஞ்சு போச்சு. கீழ் வீட்டில ஒருதரும் இல்ல. இவரை வரச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் அம்புலன்ஸுக்கு எடுக்கட்டோ?"

அனுஜன் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தான். கண் திரையில். நான் ஒரு சொல் சொன்னால் அவன் எழும்புவான். அவன் எழும்பினால் போட்டி செல்லாது.

"தேவையில்ல," என்றேன். "வெளிக்கிட்டாச்சு. த்ரீவீலும் பிடிச்சாச்சு. கதவைத் திறந்து வைச்சாச் சரி."

நான் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நான் யூஜினாவோடு கதைப்பதுபோல்தான் இருந்திருக்கும். அனுஜன்கூடத் திரையைப் பார்த்தபடியே, "அண்ணி சோறு போட்டிட்டாவோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி அண்ணை. தாங்க்ஸ்," என்றாள் அவள். அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

இரண்டாம் சுற்று எனக்கு.

சுற்று முடிந்ததும் அனுஜனிடம் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்றாம் சுற்றுக்கு முன் போன்கள் மறுபடி குளிர வேண்டும். இப்போது சொன்னால், இருவரும் ஒவ்வொரு சுற்று எடுத்த நிலையில் அவன் போய்விடுவான். போன கிழமை முடிவே நிற்கும். அந்த நாடாவோடு நான் இன்னொரு கிழமை அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் நடக்க வேண்டும். அவளுக்கு முட்டு வருவது இது முதல் தடவையும் இல்லை. வந்து வந்து போகிற வருத்தம். கொஞ்ச நேரம் கதவடியில் காற்றில் இருந்தால் சுகமாகும் என்று நினைத்தேன். கதவைத் திறந்து வைக்கச் சொன்னதுகூட அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

போன்கள் கீழே பிறிட்ஜில் கிடந்தன. நாங்கள் மேலே தேநீர் குடித்தோம். அனுஜன் என் தோளில் தட்டி, இன்றைக்கு உங்கள் போனுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பகிடி பண்ணினான். எனக்கு ஒரு மாலு பாணைப் பிய்த்துப் பாதி தந்தான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாகச் சொன்னான்:

"போற வழியில சுதாவுக்குப் பம்ப் ஒண்டு வாங்கவேணும் அண்ணை. முடியப்போகுது எண்டு விடியக்காலமை சொன்னவள். நான் மறந்திருவன், ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ."

ஞாபகப்படுத்துகிறேன் என்றேன்.

அந்த நேரம் பார்த்து இரண்டாம் அழைப்பு வந்தது. நான் எழுந்து படிக்கட்டுக்குப் போனேன். இந்தமுறை அவள் எதுவும் கதைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. தூரத்தில் யாரோ ஒரு கதிரையைச் சீமெந்துத் தரையில் மெல்ல இழுப்பதுபோல் இருந்தது. இழுப்பது நிற்கும். பிறகு மறுபடி இழுக்கும்.

"சந்திக்கு வந்திட்டார், தங்கச்சி," என்றேன். "இப்ப வந்திருவார்."

பதில் வருமா என்று பார்த்தேன். கதிரைச் சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்டது. நான் அழைப்பைத் துண்டித்தேன். போனையும் நிறுத்தினேன். இரண்டு அழைப்பையும் அழித்துவிட்டுத்தான் நிறுத்தினேன். பட்டரி முடிந்து நின்றுவிட்டது என்று பொலிசில் முதலில் சொன்னேன், அது சரியில்லை. அந்த மாதிரிப் பட்டன் போன்களுக்குப் பட்டரி இலேசில் முடியாது.

ஒரு விஷயத்தை நான் மறைக்கவில்லை, ஐயா. நான் அப்படிச் சொல்லாவிட்டால் அவளே அம்புலன்ஸுக்கு எடுத்திருப்பாள். அந்தத் தெருவுக்கு அது வர நேரம் செல்லாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாள். எதுவும் இல்லாவிட்டால் நடந்தே எங்களிடம் வந்திருப்பாள், இரண்டு ஒழுங்கைதானே. அவள் எதையும் செய்யாமல் கதவடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம், அவன் வருகிறான் என்று நான் சொன்னது. என்னை அவள் நம்பினாள்.

மூன்றாவது சுற்று தொடங்கியது.

நான் வென்றேன். இரண்டு செயலி வித்தியாசம்.

அந்த மாடியில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஐறீன் அக்கா என்னவோ ஏதோ என்று கீழேயிருந்து மேலே ஓடி வந்தா. நான் நாடாவைக் கழற்றினேன். அனுஜன் தானாகவே தலையைக் குனிந்து கொடுத்தான். நான் என் கையால் அதை அவன் கழுத்தில் மாட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே போனைத் தூக்கிப் பார்த்து, "இது செத்துக் கிடக்குது, அண்ணை" என்றான். வீட்டில் போய்ச் சார்ஜ் போடு என்றேன்.

வெளியே வந்ததும் பம்ப் வாங்க ஞாபகப்படுத்தினேன். சொன்ன சொல்லைத் தவறவில்லை. பார்மசியில் ஆட்கள் நிறைய நின்றார்கள். அவன் வரிசையில் நின்றான். நானும் கூட நின்றேன். அன்றைக்கு வரிசையில் நின்ற இரண்டு பேர் என்னிடம் வந்து, வென்றுவிட்டீர்களாமே என்று கேட்டார்கள். அதில் ஒருவர் மகளுக்கு எந்த போன் நல்லது என்றும் கேட்டார். நான் விளக்கமாகச் சொன்னேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கதவு திறந்திருந்தது. அவள் கதவு நிலையில் தலையைச் சாய்த்து, ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தாள். அனுஜன் கையில் பம்ப் பெட்டியோடும் கழுத்தில் நாடாவோடும் படியேறினான்.

செத்த வீட்டு வேலை முழுவதும் நான்தான் பார்த்தேன். சவப்பெட்டிக்கு மலர்ச்சாலைக்குக் கதைத்தது, கனத்தை மயானத்தில் நேரம் எடுத்தது, வெள்ளவத்தையிலிருந்து வந்த அவனுடைய ஆட்களுக்குச் சாப்பாடு ஒழுங்கு செய்தது, எல்லாம். மரண அறிவித்தல் துண்டுப் பிரசுரத்துக்கு ஒரு படம் தேவைப்பட்டது. அவனுடைய போனில் எதுவும் சரிவரவில்லை. கடைசியில் திருவிழாவில் நான் எடுத்ததைத்தான் போட்டார்கள். படத்தைப் பார்த்து அழாதவர்கள் இல்லை. எந்த போனில் எடுத்தது என்று அந்த வீட்டிலும் ஒருவர் கேட்டார்.

எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவு முடிந்த பிறகு அனுஜன் என்னிடம் வந்தான். கையில் சுதர்சினியின் போன். அதைத் திறக்க அவனுக்கு அவ்வளவு நாள் சென்றிருக்கிறது. அதில் பட்டன் போனுக்கு எடுத்த இரண்டு அழைப்புகளும் இருந்தன. இரண்டுக்கும் பதில் கிடைத்ததாகக் காட்டியது. நான் ஒரு போனில் அழித்ததை மற்றப் போன் வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் போன்களோடு கிடந்தவன் நான். அப்படியும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு வாசற்படியில் இருந்தான். யூஜினா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"அண்ணை, அவள் என்ன சொன்னவள்?" என்று கேட்டான். "நீங்க என்ன சொன்னனீங்கள்?"

மரியாதையாகக் கேட்டான். அதனால் நானும் மறைக்காமல் சொன்னேன். உங்களுக்கு இப்போது சொன்ன மாதிரியே, சொல்லுக்குச் சொல். யூஜினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதியில் உள்ளே போய்விட்டாள். அன்றிரவே தங்கை வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அழவுமில்லை. அந்த போனின் இருண்ட திரையைச் சட்டை நுனியால் துடைத்தான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்:

"மூண்டாவது றவுண்ட் நான் விட்டுத் தந்தது, அண்ணை."

எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"விட்டுத் தந்தது. காலமை கோயிலுக்கு வெளிக்கிடேக்க சுதாதான் சொன்னவள். சிறில் அண்ணை அந்த நாடாவோட போறதைப் பாக்கப் பாவமாக் கிடக்கு, இண்டைக்கு ஒருக்கா விட்டுக் குடுங்கோ எண்டு. ரெண்டாவதில நீங்க தானாத்தான் வெண்டனீங்கள். மூண்டாவதில நான் விரலைப் பிந்தித்தான் வைச்சனான்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இதை அவன் எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன், ஐயா. துக்கத்தில் இருப்பவன் எதையும் சொல்வான். ஆனால் இதை அவன் றொஹானிடம் சொல்லியிருக்கிறான். ஐறீன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். இப்போது கொட்டாஞ்சேனை முழுக்க அதுதான் கதை. அழைப்பு வந்ததைப் பற்றிக் கதைப்பவர்கள்கூட கடைசியில் அங்கேதான் வந்து முடிக்கிறார்கள்: 'பாவம், அந்தப் பெடியன் விட்டுக் கொடுத்த ஆட்டத்துக்காக.' இந்த வார்த்தையை என் காதுபட மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.

நான் இன்றைக்கு உங்கள் முன்னால் வந்து இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் அதுதான். அவள் இறந்ததற்கு நான்தான் காரணம். தெரிந்துதான் செய்தேன். எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

ஆனால் அவன் சொல்வது பொய். றொஹான் எடுத்த வீடியோக்கள் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. இரண்டாவதில் நான் அவளோடு கதைப்பது தெளிவாகக் கேட்கிறது, அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது. மெதுவாக ஓடவிட்டு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒன்பதாவது செயலியிலும் பதினோராவதிலும் அவனுடைய விரல் திரைக்கு மேலே கொஞ்சம் நிற்கிறது. ஒரு கணம்தான். அது விட்டுக் கொடுப்பது இல்லை, ஐயா. வியர்வை. பயம். தோற்கப்போகிறவனுடைய விரல் அப்படித்தான் நிற்கும். எனக்குத் தெரியும்.

எழுதத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். உங்களுடைய போனுக்கு அனுப்பவில்லை. அதில் திறக்க நேரமெடுக்கும். இந்தாருங்கள், என்னுடையதில் பாருங்கள்.